மரியாதையாகச் சொன்ன எச்சரிக்கை

மல்பெ,
ஜூலை 24

அன்பு மகள் நமிதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்புக்கு நான் நன்றாகத்தான் இருக்கிறேன், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்று கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் பொப்பர்ய தெய்வத்துக்கு விளக்கு வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நான்தான் கொன்னுட்டேன்மா" என்று சொல்லிப் போனை வைத்தவள், பன்னிரண்டு நாளாக எடுக்கவே இல்லை. அப்பா கடல் நிலவரம் எழுதிவந்த ஃபேஸ்புக் பக்கத்தையும் மூடிவிட்டாய். அதனால்தான் லீவு முடிந்து திரும்பும் பக்கத்து வீட்டு பிரேமநாத்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் கருவாடும் இருக்கிறது, வெயிலே இல்லாததால் சரியாகக் காயவில்லை, வந்ததும் எடுத்துக் காயவை.

படகு கவிழ்ந்து கடலோடு போன தயானந்தனின் காரியம் நேற்று முடிந்தது. சமையலுக்கு நானும் போயிருந்தேன். யாரும் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று அவனோடு நாட்டுப்படகில் போய் நீந்திக் கரையேறிய சுந்தரன் ஒன்று சொன்னான், அதை உனக்கு மறைக்க மனசு வரவில்லை. படகு இறக்கும் முன் அப்பா பக்கத்தில் நீ போட்ட எச்சரிக்கையை இருவருமே படித்தார்களாம். "அன்பார்ந்த மீனவ சகோதரர்களே, கடல் சீற்றத்துக்கு வாய்ப்பு உள்ளதால் கவனமாக இருக்கக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு தயானந்தன் சிரித்தானாம். "பாப்பா எவ்ளோ மரியாதையா சொல்லுது பாரு, நிஜமாவே ஆபத்துன்னா இந்தப் பக்கத்துல திட்டு விழுந்திருக்குமேடா" என்றானாம்.

அவன் சொன்னது பொய்யில்லை. கடல் அமைதியாக இருந்தால் உன் அப்பா "போயிட்டு வாங்க ராஜாக்களே" என்று எழுதுவார். அலை பொல்லாததாக இருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசுவார். "எவனாச்சும் இன்னைக்குப் படகைத் தொட்டீங்க, காலை ஒடிச்சுடுவேன், வீட்ல உக்காந்து பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிங்கடா கழுதைங்களா" என்பார். ஒன்பது வருஷமாக இந்தக் கரை அதைப் படித்துத்தான் படகு இறக்கியது. வானிலை ஆபீஸ் நோட்டீஸை யார் படித்தார்கள்? அவர் எத்தனை கெட்ட வார்த்தை போட்டிருக்கிறார் என்று பார்த்துத்தான் கடலை எடை போட்டார்கள்.

இனி சொல்லப்போவதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அப்பா போன பிறகு பக்கத்தை நீ எடுத்துக்கொண்டபோது, "அவர் மாதிரியே எழுதட்டுமாம்மா?" என்று என்னிடம் கேட்டாய். நான்தான் வேண்டாம் என்றேன். கல்யாணம் ஆகாத பெண் ஊர் ஆம்பிளைகளைக் கழுதை என்று ஏசினால் நாலு பேர் என்ன சொல்வார்கள், படித்த பெண்ணாக மரியாதையாக எழுது என்றேன். நீ என் பேச்சைக் கேட்டாய். அவ்வளவுதான் நீ செய்த தப்பு. நாலு பேர் வாய்க்குப் பயந்து ஒரு பெண்ணின் தாலியை நான் அறுத்துவிட்டேன் மகளே. நேற்று தயானந்தன் பெண்டாட்டி ஜலஜா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இன்று காலையில் அவளே நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். காரியம் முடிந்து ஒரு நாள்தான் ஆகிறது, வாசலிலேயே நின்றாள். அவளிடமும் இதையெல்லாம் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. "என் தம்பி அடுத்த வாரம் படகு இறக்குறான்க்கா. நான் சொன்னா கேக்கமாட்டான். நமிதாவப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க, நல்லாத் திட்டச் சொல்லுங்க" என்றாள். கைகூப்பிக் கேட்டாள், எனக்குத்தான் தாங்கவில்லை.

அதனால் திற. உன் அப்பா வாயை உன் வாயாக வைத்துக்கொண்டு எழுது, எவன் என்ன சொன்னாலும் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று சொல். தலைக்கு எண்ணெய் வை, ஒழுங்காகச் சாப்பிடு. கடல் தாய் உன்னையும் இந்தக் கரையில் இருக்கிற பிள்ளைகளையும் காக்கட்டும். திட்டிப் பழக்கமில்லையே என்று தயங்காதே. முதல் திட்டை எனக்கு எழுது, அது எனக்கு வர வேண்டியதுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா
வாரிஜா