கடைசிப் பக்கத்துக் குடிசைகள்

புதுச்சேரி,
20-1-1936

அன்புள்ள அமிர்தவல்லி அக்காவுக்கு,

வேலை மிகுந்த உங்களுக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு தருவதற்கு மன்னிக்க வேண்டும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தபோதே உங்களிடம் பேசத் தயங்கியவள் நான்.

இருளரைப் பற்றி நீங்கள் எழுதிய சிறுவர் புத்தகம் வந்து சேர்ந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுவரை ராஜாக்களும் பிரான்சு தேசத்து நதிகளும்தான் பாடம். பக்கத்து ஏரிக்கரையில் இருப்பவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்? கொளஞ்சி என்ற இருளர் பெண் என்னிடம் படிக்கிறாள். வளைக்குள் புகை ஊதி எலி பிடிக்கும் படத்தைக் கண்டதும், "எங்கப்பா இப்டிதான் ஊதுவாரு, மதாம்" என்றாள். (இங்கே ஆசிரியையை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள்.) வகுப்பில் அவள் குரலை அன்றுதான் கேட்டேன். அதற்கே உங்களுக்கு எவ்வளவு நன்றி சொல்வது?

கடைசிப் பக்கம்தான் அவளுக்குக் கொஞ்சம்... பரவாயில்லை. இங்கே எல்லோரும் நலம்.

உங்கள் அன்புத் தங்கை,
தனக்கொடி


சென்னை,
27-1-1936

தனக்கொடிக்கு,

கடிதம் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறவள் நீ ஒருத்திதான். விடுதியில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டும் "பரவாயில்லை" என்றவள் ஆயிற்றே, உன் "பரவாயில்லை" எனக்குத் தெரியாதா? மாசி முடிந்ததும் இரண்டாம் பதிப்பு அச்சாகிறது. கடைசிப் பக்கத்தில் என்ன குறை? போன வருஷம் உங்கள் ஊர் வைத்திக்குப்பம் கடற்கரையில் கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன். ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
அமிர்தவல்லி


புதுச்சேரி,
4-2-1936

அன்புள்ள அக்கா,

கேட்டதால் சொல்கிறேன். மணலில் வெறுங்குடிசைகள் நின்றன, அந்த மக்கள் மறைந்துபோனார்கள் என்று முடித்திருக்கிறீர்கள். அதை வாசித்த அன்றே பிள்ளைகள் கொளஞ்சியைச் சீண்டினார்கள். "நீதான் செத்துட்டியே, ஒனக்கு எதுக்குடி சிலேட்டு?" மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருப்பிடத்துக்கே போனேன். அவள் அம்மா அஞ்சலாட்சி விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். மாசி மகத்துக்கு முதல் நாள் கடற்கரையில் தழைக் குடிசை போட்டுத் தங்குவார்களாம். விடியலில் தங்கள் தெய்வமான கன்னிமாருக்குப் படைத்துவிட்டு, குடிசைகளை அப்படியே விட்டுத் திரும்புவார்களாம். நீங்கள் போனது அவர்கள் திரும்பிய பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

"நாங்க எங்க மறைஞ்சோம்? பூச முடிஞ்சிது, வூட்டுக்கு வந்துட்டோம். அந்தம்மா முன்னாலயே வந்திருந்தா பொங்கச்சோறு குடுத்திருப்போமே" என்றாள்.

கொளஞ்சி சிரிக்கவில்லை. "பொஸ்தகத்துலயே போட்டுட்டாங்களே, மதாம்" என்றாள்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அக்கா. உங்கள் புத்தகம் இல்லாவிட்டால் அவள் வாய் திறந்திருக்கமாட்டாள். நானும் அந்த ஏரிக்கரைக்குப் போயிருக்கமாட்டேன். அவர்கள் எனக்குத் தேன் தந்தார்கள். உங்களுக்கென்றும் ஒரு குப்பி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லக் கூசுகிறது. உங்களைக் கேட்காமலேயே, நீங்கள் வருவீர்கள் என்று கொளஞ்சியிடம் சொல்லிவிட்டேன். இந்த மாசி மகத்துக்கு முதல் நாளே வந்துவிடுங்கள். ரயிலடியில் நாங்கள் இருவரும் நிற்கிறோம். கடைசிப் பக்கத்தை அந்தத் தழைக் குடிசைக்குள் உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல எழுதித் தருவீர்களா?

உங்கள்,
தனக்கொடி