படப்பை மேகலாவுக்கு ஒரு குரல்

இரும்புலியூர்
2 ஜூன் 2025

அன்புள்ள பிரியாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் தொண்டையைத் தவிர. குன்னூர்க் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாயா, இல்லை டைரக்டர் ஆகிவிட்டால் குளிராதா?

என்னடி இது கடிதம் என்று சிரிக்காதே. டாக்டர் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். கூரியரில் வந்தால் பிரித்துப் படித்துத்தானே ஆக வேண்டும்!

விஷயம் இதுதான். குரல் நாண்களில் காய்ப்பு வந்திருக்கிறது. செருப்பு உரசிக் கால் காய்த்துப்போகுமே, அந்த மாதிரி. என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். சினிமாக் கதாநாயகிகளுக்கு டப்பிங் பேசுகிறேன் என்று எழுதிக் காட்டினேன். பிரசன்னா பெருமையாகத் தன் போனில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். பெண்டாட்டி பெருமையை டாக்டரிடமா காட்டுவது! மழையில் ஐஸ்கிரீமோடு கதாநாயகி குதிக்கிறாள், நான் கீச்சிடுகிறேன். டாக்டர் முழுசாகக்கூடப் பார்க்கவில்லை.

"இதுதாம்மா காரணம். பெரியவங்க தொண்டையில குழந்தைக் குரலை இழுத்து இழுத்துப் பேசினா வேற என்ன ஆகும்?" என்றார். இனிமேலும் அப்படிப் பேசினால் ஆபரேஷன்தானாம். அதற்குப் பிறகு என்ன குரல் மிஞ்சும் என்று அவராலேயே சொல்ல முடியாதாம். பயந்துபோனேன், பிரியா.

படுத்துக்கொண்டு யோசித்தேன். இத்தனை வருஷம், இத்தனை படம், எல்லாவற்றிலும் ஒரே பெண்தான். பலூன்காரரிடம் மொத்த பலூனையும் வாங்கிப் பறக்கவிடுவாள். பின்னாலேயே வருகிறவனை முதலில் திட்டுவாள், பாட்டு முடிந்ததும் காதலிப்பாள். அவள் எங்கே சம்பளம் வாங்குகிறாள் என்பது மட்டும் அவளுக்குக் குரல் கொடுத்த எனக்கே தெரியாது.

அதனால்தான் உன் ஸ்கிரிப்டைப் படித்து அழுதேன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். படப்பையில் வாடகை வீடு. கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிறவள், கோபம் வந்தால் நிஜமாகவே கோபப்படுகிறவள். அந்த மேகலாவை என் சொந்தக் குரலில், காலேஜில் எனக்கு 'வாத்தியார்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த அந்தக் கட்டைக் குரலில் பேசலாம் என்று நீதான் சொன்னாய். இப்போது வீட்டில்கூட எனக்குக் கீச்சுக் குரல்தான் வருகிறது, பழகித் தொலைத்துவிட்டது. என் மகள் ரூத் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்கிறாள்.

காய்ப்பு கரைந்ததும் சொந்தக் குரலில் பேசத் தடையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேகலாவுக்காகக் காத்திருக்கிறேன்.

வாயை மூடிக்கொண்டிருக்கும் உன்,
ஜாஸ்மின்


குன்னூர்
7 ஜூன் 2025

என் அருமை வாத்தியாருக்கு,

உன் கடிதத்தை யூனிட்டே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. டைரக்டருக்குக் காதல் கடிதமாம். ஆபரேஷன் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். வெந்நீர் குடி. பிரசன்னாவோடு சண்டை வந்தால் எழுதிச் சண்டை போடு.

இங்கே ஒரே மழை. படப்பைப் பெண் குன்னூரில் ஏன் ஆடுகிறாள் என்று கேட்காதே, கனவுப் பாட்டாம். நம் தயாரிப்பாளர் கஸ்தூரிரங்கன் சார் நல்ல மனிதர். அதுதான் பெரிய கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாகச் சண்டை போட்டிருப்பேன். கதாநாயகியும் நல்ல பெண். மும்பையிலிருந்து வந்தவள், தமிழ் தெரியாது. ஆனாலும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் எப்படி நிற்பாள், கையை எங்கே வைத்துக்கொள்வாள் என்று கேட்டுக் கேட்டுப் பழகினாள்.

ஆனால் பாட்டுக்கு வைத்த நாள்களை மழை தின்றுவிட்டது. தொழிற்சாலைக்கு வைத்த நாள்களைப் பாட்டு தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு மேல் அவளுக்குக் கால்ஷீட் இல்லை. ஹீரோவின் காட்சிகளில் யாரும் கை வைக்க முடியாது. மிச்சம் இருப்பது என்ன, மேகலாவின் வேலைதான். "லவ் ட்ராக்குக்கு சம்பந்தமில்லாததை எடுத்துடலாம்மா" என்று சார் மெதுவாகத்தான் சொன்னார். யாரும் உட்கார்ந்து 'வாங்கடா, இவளை லூசுப் பெண்ணாக்குவோம்' என்று திட்டம் போடுவதில்லை, ஜாஸ்மின். நானும் இத்தனை வருஷம் உதவி இயக்குநராக இருந்தபோது அப்படித்தான் நினைத்து எரிச்சல்பட்டேன்.

கடைசியில் சென்னையில் அரை நாள் கிடைத்திருக்கிறது. அதற்குள் அவள் யார், அவளை ஏன் நமக்குப் பிடிக்க வேண்டும் என்று காட்டியாக வேண்டும். "ஒரு நாய்க்குட்டியக் குடும்மா கையில. ரெண்டு நிமிஷத்துல ஜனங்களுக்குப் புடிச்சிடும்" என்றார் சார். இரண்டு நிமிஷத்தில் ஒரு பெண்ணை வேறு எப்படிக் காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்றும் தோன்றவில்லை. நாய்க்குட்டிக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.

என்னைத் திட்டுவாய் என்று தெரியும். எழுதித் திட்டு, படித்தால் தெம்பாக இருக்கும்.

உன்,
சத்யப்ரியா


இரும்புலியூர்
11 ஜூன் 2025

அடிப்பாவி பிரியா,

நாய்க்குட்டியா? சூப்பர்வைசர் மேகலா நாய்க்குட்டி மேகலா ஆகிவிட்டாளா? கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். திட்டு முடிந்தது, இனி செய்தி.

கோவளத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார்களே கன்னியம்மா, அவர்கள் வந்தார்கள். நான் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். "இன்னாமா, வூட்டுக்காரரோட சண்டையா? வாயத் தொறக்க மாட்டேன்றே?" என்று கேட்டார்கள். ரூத் எல்லாவற்றையும் உளறிவிட்டாள். சினிமாக் குரல் என்றதும் கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் நீயா பேசுறே? எனுக்கு அதுங்கள ரொம்பப் புடிக்கும்மா. இன்னா ஜாலியா சிரிச்சிகினு கீதுங்கோ! மாமியாரும் கெடையாது, ஒரு பேஜாரும் கெடையாது."

வேலைக்குப் போகிற பெண்ணின் கதை என்றால் பார்ப்பீர்களா என்று எழுதி ரூத்தை விட்டுக் கேட்கச் சொன்னேன். "அட போம்மா! நாளெல்லாம் கூடையத் தூக்கிட்டு, இன்னொருத்தி கூடை தூக்கறத பாக்கறதுக்கா சினிமாவுக்குப் போறேன்?" என்று சிரித்தார்கள்.

முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பாவமாக இருந்தது, அவர்களுக்காகவும் எனக்காகவும். யாரும் அதட்டாத, அடுப்புப் பக்கமே போகாத ஒரு பெண்ணை இரண்டு மணி நேரம் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் கவலை இல்லாதவளாகக் காட்ட அவளை அறிவில்லாதவளாக ஆக்க வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கரா மீன் நன்றாக இருந்தது.

பேசாமல் இருப்பதில் இன்னொன்றும் தெரிந்தது. வழக்கமாக ஆட்டோக்காரரிடம் "அண்ணா, ப்ளீஸ்ண்ணா" என்று கீச்சிட்டால் சேலையூர் வரை முனகாமல் வருவார். நேற்று இடத்தை எழுதிக் காட்டினேன், முடியாது என்று போய்விட்டார். மாமியாரிடம், கரண்ட் ஆபீஸில், எல்லா இடத்திலும் எனக்கு அந்தக் குரல்தான் காரியம் சாதித்துக் கொடுத்திருக்கிறது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் குழந்தை வாயை வைத்துப் பிழைத்திருக்கிறேன்.

ரூத் என் கைவிரலைப் பிடித்து இழுக்கிறாள். முத்தங்கள்.

ஜாஸ்மின்


வடபழனி
19 ஜூன் 2025

அன்புள்ள ஜாஸ்மின்,

ஊருக்குத் திரும்பிவிட்டேன். தாம்பரம் ரயிலைப் பிடித்து உன் வீட்டுக்கே வந்திருக்கலாம். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

எடிட் செய்த வரைக்கும் சாருக்கும் விநியோகஸ்தர் ஒருவருக்கும் போட்டுக் காட்டினேன். போன வருஷம் ஸ்கிரிப்டை நீ படித்தபோது பதிவு செய்தேன் இல்லையா, அந்தச் சொந்தக் குரலை இரண்டு காட்சிக்குப் பொருத்தியிருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஜாஸ்மின். அந்தப் பெண் நிஜமாகப் படப்பையிலிருந்து வந்தவளாக மாறினாள். விநியோகஸ்தர் பாதியிலேயே சிரித்துவிட்டு, "இந்தப் பொண்ணு ஹீரோவோட அக்காவா?" என்று கேட்டார். முடிந்துபோயிற்று.

கதாநாயகிக்குக் குழந்தைக் குரல்தான் வேண்டும் என்கிறார் சார். நீ பேசக் கூடாது என்று சொன்னேன். அவரும் சரி என்றார். உன் பழைய படங்களின் குரல் எல்லாம் ஸ்டுடியோவில் இருக்கிறதாம். அதை வைத்துக் கம்ப்யூட்டரே மேகலாவுக்குப் பேசிவிடும், உன் தொண்டைக்கு ஒரு வேலையும் இல்லை, நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார்.

இந்த ஒரு படம் மட்டும், ஜாஸ்மின். இது ஓடிவிட்டால் அடுத்த படத்தில் நான் சொல்வதை அவர்கள் கேட்பார்கள். ஓடாவிட்டால் எனக்கு அடுத்த படமே கிடையாது. பெண் டைரக்டர் ஒரு படத்தில் தோற்றால் போதும், இரண்டாவது வாய்ப்பு தர மாட்டார்கள். உனக்குத் தெரியாததா?

கெஞ்சிக் கேட்கும்,
பிரியா


இரும்புலியூர்
21 ஜூன் 2025

அன்புள்ள பிரியா,

கையெழுத்துப் போட மாட்டேன்.

இதை எழுதிவிட்டுப் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன். உனக்கு நான் எதையாவது இல்லை என்று சொன்னதுண்டா? இதுதான் முதல் தடவை. நான் செத்த பிறகும் என் குரல் எங்கேயாவது ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. வேறு யாரையாவது வைத்துப் பேசிக்கொள். நான் உன்னை வெறுக்க மாட்டேன், அது என்னால் முடியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ கஸ்தூரிரங்கன் சாரிடம் போனில் பேசும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். "சாஆர்... ஒரே ஒரு நாள் சார்... ப்ளீஸ் சார்..." உன் குரலா அது? என் தொழிலையே நீ இலவசமாகச் செய்துகொண்டிருந்தாய். அப்படிக் கேட்டே அவரைப் பழக்கிவிட்டாய். ஒரே ஒரு தடவை, காலேஜில் எங்களையெல்லாம் அதட்டுவாயே, அந்தக் குரலில் அவரிடம் கேட்டுப் பார்.

எப்போதும் உன்,
ஜாஸ்மின்


வடபழனி
27 ஜூன் 2025

ஜாஸ்மின்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். பிறகு போனேன்.

"சார், மேகலா குழந்தை இல்ல. ஜாஸ்மின் அவ குரல்லயே பேசட்டும். இதுதான் என் முடிவு" என்றேன். இழுக்கவில்லை, குழையவில்லை. சார் என்னையே பார்த்தார். பிறகு, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு எனக்கு ஹார்லிக்ஸ் கொண்டுவரச் சொன்னார். கிண்டல் இல்லை. அந்த மனிதர் நிஜமாகவே கவலைப்பட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவர் சம்மதிக்கவில்லை. ரிலீஸ் தேதி சொல்லியாகிவிட்டதாம். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை, ஹார்லிக்ஸைக் குடித்தேன். கம்ப்யூட்டர் குரல் என்றால் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட ஒப்புக்கொண்டார். ஜோதிலட்சுமி என்று ஒருவர், டிவி கார்ட்டூன்களுக்குப் பேசுகிறவர், மேகலாவுக்குப் பேசப் போகிறார்.

உன் குரலைக் காப்பாற்றிவிட்டேன். மேகலாவை விட்டுக்கொடுத்துவிட்டேன். திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பிரியா


இரும்புலியூர்
3 ஜூலை 2025

அன்புள்ள பிரியா,

இன்று காலை டாக்டர் பார்த்தார். காய்ப்பு நன்றாகக் கரைந்திருக்கிறது, அளவாகப் பேசலாம் என்றார். வீட்டுக்கு வந்து உனக்குப் போன் போட எடுத்தேன், வைத்துவிட்டேன். மேகலாவை நினைத்தால் ஆறவில்லை.

மத்தியானம் காலிங்பெல் அடித்தது. ஸ்கூட்டரில் ஒரு பெண், ஹெல்மெட்டும் டிபன் பையுமாக. ஜோதிலட்சுமியாம், சேலையூரில்தான் வீடு, இரண்டு பிள்ளைகளாம். என் வயதுதான் இருக்கும். ஆனாலும், "அக்கா, உங்க மாதிரிதான் வேணும்ன்றாங்க. ஒரு ரீல் பேசறதுக்குள்ள தொண்டை எரியுதுக்கா. எப்படிக்கா பண்றீங்க?" என்று வாசலிலேயே நின்று கேட்டாள்.

கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஆனால் சொல்லிக் கொடுக்காவிட்டால் டாக்டர் முன்னால் நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் அவளும் போய் உட்காருவாள். காப்பி போட்டுக் கொடுத்தேன். தோளை இறக்கச் சொன்னேன். தொண்டையிலிருந்து இழுக்காமல் மூச்சில் ஏற்றிப் பேசச் சொன்னேன், நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் என் கட்டைக் குரலில்தான் சொன்னேன். எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மேகலாவின் வசனம் ஒன்றைப் பேசினாள். என் கீச்சுக் குரல் அப்படியே வந்துவிட்டது, பிரியா. என்னைவிட நன்றாக வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளி வேன் வந்து ரூத் படியேறிக்கொண்டிருந்தாள். "அம்மா! பேச வந்துடுச்சா!" என்று பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். உள்ளே வந்து பார்த்தால் பேசிக்கொண்டிருந்தது ஜோதிலட்சுமி.

"அது ஆன்ட்டிடா. அம்மா குரல் இதுதான்" என்றேன்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். "இல்லம்மா, உன்னோடதுல பேசு" என்றாள்.

இப்போது ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கிறாள். நான் ஏதாவது சொன்னால் புது டீச்சரைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்க்கிறாள். அழுகை வருகிறது, அழுதால் தொண்டை கட்டும் என்று அடக்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வா, பிரியா. திட்ட மாட்டேன். மேகலாவை நீ பாதி விட்டுக்கொடுத்தாய், மீதியை நான் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நாள் முழுக்க இரு. கூடத்தில் உட்கார்ந்து நம் இரண்டு பேர் சொந்தக் குரலிலும் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்போம். ரூத் கேட்டுக்கொண்டே விளையாடட்டும்.

உன்,
ஜாஸ்மின்