நூற்று இருபத்து மூன்று நாள் மூத்த அண்ணனுக்கு

அண்ணா, இன்று உன் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். நீ பிறந்த தேதியைக் கேட்டு அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். விரலை எடுக்கும் முன்பே உன் வயது வந்து நின்றது. இதே கணக்குக்காக ஒரு காலத்தில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் உன் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்.

எழுபதுகளில் நம் இலாகாவுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. நான் சென்னைத் தலைமை அலுவலகத்தில் புரோகிராம் எழுதினேன்; நீ காஞ்சிபுரம் கிளையில் கிளார்க். ஒவ்வொருவரும் ஓய்வு பெற எத்தனை நாள் இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் என்று அந்த மெஷினுக்குத் தெரியாது. முப்பது, முப்பத்தொன்று, லீப் வருஷம் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, தேதிகளை நாட்களாக மாற்றிக் கழிக்க வைத்தேன். அதோடு விட்டேனா? ஒரே அப்பா பெயர், ஒரே ஊர், இரண்டு பிறப்புக்கு நடுவே ஒன்பது மாதம்கூட இல்லையென்றால் நட்சத்திரக் குறி போடு என்று சேர்த்தேன். திருட்டு வயதைப் பிடிக்கிறேனாம். யாரும் கேட்காத கெட்டிக்காரத்தனம்.

அச்சான தாள் நேரே அதிகாரி கைக்குப் போனது. நம் ஊர் முசரவாக்கம், உன் பெயர், என் பெயர், பக்கத்தில் நட்சத்திரம். வித்தியாசம் நூற்று இருபத்து மூன்று நாள்.

காரணம் நமக்குத் தெரியும். அம்மா நடவுக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஏழு வயதில் நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "இவனயும் சேத்துக்குங்க சார், இல்லன்னா நானும் வரமாட்டேன்" என்றாய். எனக்கு நாலரை வயது, சேர்க்கும் வயது ஆகவில்லை. வாத்தியார் நீ பிறந்த ஆண்டையே எனக்கும் எழுதி, மாதத்தை மட்டும் தள்ளிப் போட்டார். நீ கருட சேவைத் திருவிழா அன்று பிறந்தவன், உன் தேதி ஊருக்கே தெரியும். பொய் என்னுடையது.

விசாரணையில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"என்னுதுதான் பொய் சார். வயசக் கொறச்சிக் குடுத்துட்டேன். தம்பிது சரியாத்தான் இருக்குது."

'வாயைத் திறப்பதற்குள்' என்று எழுதினேனே, அதுவும் பொய். நான் திறப்பதாகவே இல்லை.

வெளியே வந்ததும், "உனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க. வாய மூடிக்கினு போப்பா" என்றாய். போனேன். உன்னை யார் கேட்டது, அண்ணா? நீ வேலையை இழந்து வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை எடை போட்டாய். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கலாம். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தச் சுகத்தைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை.

உன் காரியம் முடிந்த அன்று உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா பண்ண தப்பால ஆபீஸ்ல உங்களுக்கும் தலகுனிவு. அப்பிடி இருந்தும் எங்கள நீங்க ஒதுக்கல சித்தப்பா" என்று அழுதான்.

நான் தலையை ஆட்டினேன், அண்ணா.