திருப்பிக் கொடுக்காத படம்

இல்லை, நீ கேட்ட அந்தக் காட்சி இந்தத் தொடரிலும் வரவில்லை. இன்று பகல் பார்த்தேன். நிருபராக வருபவள் ஆசிரியரின் மேசையைத் தட்டிப் பேசுகிறாள். மறுநாள் முதல் பக்கம்.

தென்காசியில் நம் வாடகை அறை. இருவரும் பத்திரிகைக்குச் செய்திகளை அனுப்பிவிட்டு, பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தபடி சீரியல் பார்ப்போம்.

"ஏட்டி, இவ வண்டில மட்டும் பெட்ரோலே தீராது போல" என்பாய்.

"செய்தியையும் யாரும் வெட்ட மாட்டாங்க."

"செத்த வீட்டுல போயி ஒரு படம் வாங்கிட்டு வரட்டும். அப்போ நிருபர்னு ஒத்துக்கிடுதேன்."

அந்த வேலை எப்போதும் உன்னுடையது. குற்றாலத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து இறந்த அன்று, கடையநல்லூரில் அவர் வீட்டுக்குப் போனோம். நான் வண்டியருகே நின்றுகொண்டேன். நீ செருப்பைக் கழற்றினாய். பேனாவைப் பைக்குள் போட்டாய். பெண்களோடு தரையில் உட்கார்ந்து, வெகுநேரம் எதுவும் கேட்காமல் இருந்தாய்.

சட்டமிட்ட படம். கைப்பேசியில் எடுத்தால் கண்ணாடி மினுங்கியது. கையோடு வாங்கி வந்தாய். மறுநாள் சாரலில் பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்தாய். இன்றே போக வேண்டுமா என்றேன்.

"படத்தக் குடுத்தாத்தான்ட்டி செய்தி முடியும்."

பிறகு உனக்குக் காய்ச்சல். மூன்றே நாள்.

அலுவலகத்தில் படம் கேட்டார்கள். என் கைப்பேசியில் இருந்ததெல்லாம் நீ சிரித்து அசைந்ததில் மங்கிப்போனவை. பண்பொழியில் உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உட்கார்ந்தேன். உன் அம்மாவே எழுந்துபோய் ஆல்பத்திலிருந்து எடுத்து வந்தார்.

"பேப்பர்ல போடணும்லா. அவ சேல கட்டி எடுத்தது இது ஒண்ணுதான். பத்திரமா கொண்டு தந்துரு தாயி."

நாளைக்கே என்றேன்.

நான்கு வரி வந்தது. கூடவே படம்.

எட்டு மாதமாக அது என் குறிப்பேட்டுக்குள் இருந்தது. அம்மா இரண்டு முறை அழைத்தார். முதல் முறை, அலுவலகத்தில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். இரண்டாம் முறை எடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் உன் செய்தி முடிந்துவிடும்.

இப்போது அந்த வீடுகளுக்கு நான்தான் போகிறேன். செருப்பு வாசலில், பேனா பைக்குள். மற்றவர்களின் படங்களை மறுநாளே கொடுத்துவிடுகிறேன். உன்னுடையதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

இன்று தொடரில் அவளுக்கு விருது கொடுத்தார்கள். டிவியை அணைத்தேன். படத்தைக் கொடுக்க நீ சாரலில் பஸ் ஏறியது நினைவுக்கு வந்தது. பண்பொழி பஸ் ஏறி, உன் அம்மா கையில் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.