முன் இடது சக்கரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

முன் இடது டயரில் மறுபடியும் காற்று இல்லை. பத்து நாளில் இது மூன்றாவது முறை. பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தார். குமிழி வந்தது டயரிலிருந்து இல்லை, ரிம் ஓரத்திலிருந்து.

"டயர் நல்லாத்தான் சார் இருக்கு. அலாய் வீல்தான் அரிச்சுப் போச்சு. டயர் ஒட்டி உக்கார மாட்டேங்குது."

நகத்தால் சுரண்டிக் காட்டினார். பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளை வெள்ளையாக. நான்கு சக்கரமும் அதே லட்சணம். பத்து வருடக் கடற்காற்று சும்மா விடுமா?

பிப்ரவரி 4, புதன்

"வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு எதுக்குங்க ஊரெல்லாம் விசாரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

ஆள் என்றால் மருமகள். அலாய் வீல்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். என் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். அந்தப் பட்டறை வாசலை நான் மிதித்ததே இல்லை.

ஏன் கேட்கவில்லை? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். கல்யாணத்தின்போது சொந்தக்காரர்களிடம் 'ஆட்டோமொபைல் துறை' என்று சொல்லி வைத்தேன். மேற்கொண்டு யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது என் சக்கரம் கெட்டதும் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மகனிடம் மட்டும் சுற்றி வளைத்து விலை கேட்டேன். நான்கு சக்கரத்துக்கு என் ஒரு மாதப் பென்ஷனில் பாதி. பாதி! சும்மா பெயிண்ட் அடிக்கவா?

பிப்ரவரி 7, சனி

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை. அவள் பட்டறை விலையில் கால்வாசி. ரிம் ஓரத்தில் ஏதோ பசை தடவி, மேலே வெள்ளி நிறம் அடித்து, இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படிப் பளபளப்பு.

மாலையில் மருமகள் வேலை முடிந்து வந்தாள். கார் பக்கத்தில் நின்றாள். குனிந்து பார்த்தாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் திருடன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு மாமா." அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த 'நல்லா இருக்கு' நல்லாவே இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

காற்று நிற்கிறது. நான் ஒன்றும் ஏமாளி இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

ஏமாளிதான். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. தொட்டால் செதில் மாதிரி உதிர்கிறது. முன் இடதில் காற்றும் இல்லை.

ஜூன் 10, புதன்

காலையில் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். "அது வந்தும்மா... அந்த வீல்..." என்று இழுத்தேன்.

"சனிக்கிழமை எடுத்துட்டு வாங்க மாமா. கூடவே இருந்து பாருங்க. சும்மா பெயிண்டுக்கு இவ்வளவான்னு கேட்டீங்களாமே?"

என் பிள்ளை வாயில் எதுவும் தங்காது.

ஜூன் 13, சனி

எங்கே ஆரம்பிப்பது?

முகமூடி, முழங்கை வரை கையுறை, கனத்த பூட்ஸ். முதலில் எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பட்டறை முதலாளி ஒரு வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லும் முன் அவள் முகத்தைத்தான் பார்க்கிறார். அவள் தலையை ஆட்டினால்தான் தேதி.

டயரைக் கழற்றி, மருந்துத் தொட்டியில் போட்டு, பழைய பெயிண்டை அடியோடு உரித்து, பிறகு ஒரு கூண்டுக்குள் வைத்து மணலைப் பீய்ச்சி அரிப்பைச் சுரண்டுகிறார்கள். அதற்கப்புறம்தான் பவுடர் பூசி, ஓவனில் சுட்டு, நிறம், மேல்பூச்சு எல்லாம். "அரிப்ப எடுக்காம மேல அடிச்சா, புண்ணுக்குப் பவுடர் போட்ட மாதிரி மாமா" என்றாள்.

மூன்று சக்கரம் சுத்தமாக வந்தன. நான்காவதை, அதே முன் இடதை, விளக்கடியில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். சிவப்புச் சாயம் தடவித் துடைத்தாள். மேலே வெள்ளைப் பொடி தூவினாள்.

"மாமா, இங்க வாங்க."

உள்வளையத்தில் ஒரு சிவப்புக் கோடு. என் சுண்டுவிரல் நீளம். விரிசல்.

"காத்து கசிஞ்சது அரிப்பால மட்டும் இல்ல. இத நான் பண்ண மாட்டேன். வேற வீல்தான் வாங்கணும்."

"வெல்டிங் வச்சுட்டா? நான் மெதுவாத்தானே ஓட்டுறேன்..."

"லிஃப்டுக்கு நீங்க இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். கம்பி வடத்தில் நாலு இழை அறுந்திருந்ததற்காக எட்டு மாடிக் கட்டடத்தையே படியேற வைத்தவன்.

இந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் நாலு முறை — மனைவியை உட்கார வைத்து, அவள் தங்கை வீட்டுக்கு!

காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு, அவள் ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியில் கேட்டேன். "அன்னைக்கே ஏன்மா சொல்லல?"

"பெயிண்ட் உரியும்னு தெரியும். விரிசல் இருக்கும்னு தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா கார் சாவியையே ஒளிச்சு வச்சிருப்பேன்." பிறகு, "ஆனாலும் சொல்லியிருக்கணும். நீங்க வேற எடத்துக்குப் போனீங்கன்னு எனக்குக் கோவம்" என்றாள்.

"இருக்காதா பின்னே?" என்றேன்.

ஜூன் 15, திங்கள்

மூன்று சக்கரம் புதுப்பிக்க, ஒரு சக்கரம் புதிதாக வாங்க — ஒரு மாதப் பென்ஷன் முழுசாக அவுட். மார்க்கெட் கடையில் தண்டம் அழுதது தனி.

வீட்டு ஆள் என்று விலையைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளும் குறைக்கிறேன் என்று சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி.

ஜூன் 19, வெள்ளி

மாட்டியாயிற்று. பளபளப்பு இல்லை, அடக்கமான சாம்பல் நிறம். "இப்பதாங்க காரு காரு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

ஜூன் 28, ஞாயிறு

மைத்துனர் வந்திருந்தார். "என்ன மாப்ள, வீல் எல்லாம் புதுசா?"

"மருமக பண்ணது. அதான் அவ வேலையே."

மருந்துத் தொட்டி, மணல், ஓவன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பாவம், அவர் டீ ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. சமையலறைக்குள் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சிரித்தது கேட்டது. சிரிக்கட்டும்.

ஜூலை 1, புதன்

டயரில் காற்று அப்படியே இருக்கிறது. பென்ஷனும் வந்துவிட்டது.

ஜூலை 22, புதன்

சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதம்.

"மாமா, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குடோன் வாடகைக்கு வருது. சொந்தமா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். நாளைக்கு எங்கூட வந்து பாக்கறீங்களா?"

"அவன் என்ன சொல்றான்?"

"அவர்கிட்ட இன்னும் சொல்லல. சொன்னா உடனே சந்தோஷப்பட்டுடுவார். எனக்குக் குறை கண்டுபிடிக்கிற ஆள் வேணும்."

குழாயை மூடக்கூட மறந்துவிட்டேன். ரோஜாத் தொட்டி நிரம்பி வழிந்தது.

காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம். ஓவன் இழுக்கும் மின்சாரத்தை அந்த லைன் தாங்குமா, மருந்துத் தண்ணீர் எங்கே போகும், புகை வெளியேற வழி இருக்கிறதா, கூரை ஒழுகுமா... இடத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் பதினேழு கேள்வி எழுதிவிட்டேன்.