கேட்கக் கேட்கப் பெருத்த இடுப்பு

அன்புள்ள பொடிசுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், நடுவில் அப்பாவின் மானம் மட்டும் கொஞ்சம் நழுவப் பார்த்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நீ நலமா, உன் கல்லூரிப் பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா, அறையில் ஹீட்டரைச் சரிசெய்துவிட்டார்களா. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், எனக்குக் கோர்வை போய்விடும்.

நாள் முழுக்க அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு ஸ்கீம் என்கிற உன் கம்ப்யூட்டர் மொழிப் பாடங்களை எனக்கும் அனுப்பிவைத்தாய் அல்லவா, அதில் ஆரம்பித்த வினைதான் எல்லாம். நம் தையல் கடைக்கு ஒரு புரோகிராம் எழுதுவது என்று உட்கார்ந்தேன், வருகிறவர் பெயரைக் கேட்க வேண்டும், அளவைக் கேட்க வேண்டும், வெட்ட வேண்டிய அளவைத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் ரீட் என்கிற கட்டளையை எழுதி ஓட்டினேன், ஒன்றும் வரவில்லை. நான் அதைப் பார்க்க, அது என்னைப் பார்க்க, அரை மணி நேரம் போனது, சண்டை போட்ட மறுநாள் நானும் உன் அப்பாவும் உட்கார்ந்திருப்போமே அதேபோல. பிறகுதான் புரிந்தது, அது என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. ரீட் காதை மட்டும்தான் நீட்டும், கேள்வியை டிஸ்பிளே போட்டு நாம்தான் கேட்கவைக்க வேண்டுமாம். சரி என்று அதையும் போட்டேன். பெயர் என்ன என்றது, துணி கொடுத்துவிட்டுப் போனவரை நினைத்து, பேக்கரிக்காரர் மைத்துனர் என்று நடுவில் இடம் விட்டு அடித்தேன். பேக்கரிக்காரரைப் பெயராக எடுத்துக்கொண்டது, மிச்சமிருந்த மைத்துனரை அடுத்த கேள்விக்குப் பதிலாக்கிவிட்டது, ஆக அந்த மனிதருக்கு மார்பளவு மைத்துனர். இது உன் பாடத்தில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது, நான் மூன்றாம் பக்கத்திலேயே கடை திறந்துவிட்டேன்.

இதற்கிடையில் எனக்கு இருந்த ஒரே கவலை உன் அப்பா. அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் முடிந்து பிரிவுபசார விழா வைத்தார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே மனிதர் வாயைத் திறக்கவில்லை. மேடையில் பேசச் சொல்லியிருந்தார்கள், ஒரு அட்டையில் இரண்டு பக்கமும் எழுதி வைத்துக்கொண்டு குளியலறையில் படித்துப் பார்ப்பார், வெளியே வந்தால் ஊமை. மனசுக்குள் எதையோ வைத்துக்கொண்டு புழுங்குகிறார், அதை என்னிடமும் சொல்லவில்லை, மேடையிலும் சொல்லமாட்டார், அப்படியே வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். என்னால் முடிந்தது ஒரு நல்ல பேண்ட், அதைத் தைத்துக் கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் வந்தது வம்பு. அப்பாவின் இடுப்பு முப்பத்து நான்கு, லூசுக்கு ஒரு இஞ்ச் சேர்க்க வேண்டும். புரோகிராமில் அளவைக் காட்டும் பகுதிக்கு ஃபங்ஷன் என்று பெயர், அதற்குள்ளேயே அந்த ஒரு இஞ்சைக் கூட்டி, செட் என்கிற கட்டளை போட்டு, பழைய அளவின் மேலேயே எழுதிவிட்டேன். செட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட வேண்டும் என்றிருந்தது, ஏதோ உற்சாகப்படுத்துகிறது என்று நினைத்தேன், ஜாக்கிரதை என்று சொல்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பத்தைந்து என்று வந்ததும் மின்விசிறி பழுதுபார்க்க வந்தவரிடம் காட்டினேன், அவர் பலே என்றார். பெருமை தாங்கவில்லை. மாடியிலிருக்கும் உன் சித்தியைக் கூப்பிட்டு ஒரு தடவை, தபால்காரம்மாவுக்கு ஒரு தடவை, உன் அத்தைக்கு ஒரு தடவை, அவர் கண்ணாடி போடாமல் வந்ததால் போட்டுக்கொண்டு வந்தபின் இன்னொரு தடவை. நான் பார்த்ததெல்லாம் அவர்கள் முகத்தை, திரையை யார் பார்த்தது. கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது உன் அப்பாவுக்கு ஒரு இஞ்ச் ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது. வெட்டுவதற்காக ஆறாவது தடவை கேட்டபோது நாற்பது என்றது. எத்தனை வருஷமாகத் தைத்துக் கொடுக்கிற இடுப்பு, கை கூசியிருக்க வேண்டாமா, கம்ப்யூட்டரே சொல்கிறது, தொப்பை போட்டிருப்பார் என்று வெட்டிவிட்டேன். அளவெடுத்துத் தைத்த பேண்டுக்கு பெல்ட் எதற்கு என்று வளையம்கூட வைக்கவில்லை. அவரும் விழாவுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் போட்டுப் பார்த்தார். போட்டதும் என்னைப் பார்த்தார், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். ஊக்கு குத்தினேன், அது அச்சகத்துப் படியிலேயே தெறித்துவிட்டது.

மேடையில் ஏறினார், இடது கையில் பேண்ட், வலது கையில் அட்டை. முதல் பக்கம் தடுமாறாமல் ஓடியது. அட்டையைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அட்டையைப் பார்த்தார், பேண்டைப் பார்த்தார், அட்டையைக் கீழே விட்டுவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மனிதர் இறங்கவில்லை. இந்த பேண்ட் என் வீட்டம்மா தைச்சது, கம்ப்யூட்டர் சொன்ன அளவு, நான் இன்னும் கொஞ்ச வருஷம் வேலைல இருந்திருந்தா சரியா இருந்திருக்கும் என்றார். கூடமே சிரித்தது, அந்தச் சிரிப்பில் பயம் விட்டுப்போய் இருபது நிமிஷம் பேசினார். விரல் நசுங்கிய கதை, மை கொட்டிய கதை எல்லாம் சொன்னார், எனக்கே பாதி தெரியாது. கடைசியில் குரல் உடைந்து, நாளைக்குக் காலையில எழுந்து எங்க போறதுன்னு எனக்குத் தெரியல என்றார். மூன்று வாரமாக அவர் அடக்கி வைத்திருந்தது அதுதான். நான் அழுதுவிட்டேன், பக்கத்தில் இருந்த அத்தையும் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும், எங்கேயும் போக வேண்டாம், கடைக்கு வாங்க, அளவெடுக்க எனக்கு ஆள் வேணும் என்றேன். சரி என்று மட்டும் சொன்னார். புரோகிராமையும் பிரித்து எழுதிவிட்டேன், கணக்குப் போடும் ஃபங்ஷன் இப்போது எதையும் தொடாது, விடையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும், எத்தனை பேரிடம் காட்டினாலும் அதே விடை. கேட்பதும் காட்டுவதும் தனித்தனி வேலை. நீயும் வேளைக்குச் சாப்பிடு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்யாதே. கடை வீட்டு முன்னறையில்தானே இருக்கிறது, ஆனாலும் காலையில் எட்டே முக்காலுக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போகிறார்.

நீ தீர்க்காயுசாக, மனநிறைவோடு இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவர் ஆசியும். ஒன்று மறந்துவிடாதே, அப்பாவோடு பேசுவதென்றால் ஐந்து மணிக்குமேல் கூப்பிடு. அதற்கு முன்னால் கூப்பிட்டால் வேலையில் இருப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா