இன்னும் ஒரு கை உப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். நாங்களும் நலம் என்றே வைத்துக்கொள். எனக்கு முழங்கால், அம்மாவுக்கு இடுப்பு, மற்றபடி ஒரு குறையும் இல்லை. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், எதையும் வாய்விட்டுச் சொல்ல முடிவதில்லை. நீ போன தடவை சொன்ன விஷயம்தான். அவளுடைய மகளிர் குழு இரண்டாவது கடன் வாங்கப் போகிறது, வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்கள், "நீங்க போடாதீங்கப்பா, அந்த சோப்புக் கடையை மூடிட்டு அம்மா ஓய்வா இருக்கட்டும்" என்றாய். நானும் சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

நீ இங்கே வந்து பார்க்க வேண்டும் கண்ணு, வீடு வீடாக இல்லை. உன் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்திவிட்டு அந்த இடத்தில் நீல டிரம் நிற்கிறது. எலுமிச்சை வாசனை சாப்பாட்டில்கூட வருகிறது. பாத்திரம் துலக்கும் லிக்விடை அம்மா ஒரு நீளக் கட்டையால் ஒரே பக்கமாகக் கலக்குகிறாள், நுரை கிளம்பக் கூடாதாம், அவசரம் கூடாதாம். குழுவுக்கு நடத்திய சோப்புப் பயிற்சியில் கையுறை கொடுத்தார்கள், போட்டால் பதம் தெரியவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டாள், உள்ளங்கை தோல் உரிந்து கிடக்கிறது. நானோ சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஓட்டல் ஓட்டலாக, மாடி மாடியாக ஏறி இறங்குகிறேன். அச்சாபீஸில் நின்று நின்று தேய்ந்த கால், இதற்கும் அதே கால்தான். அலுத்துவிட்டது. இதை வேறு யாரிடம் சொல்வேன்.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது, திட்டாமல் கேள். பெண்கள் விடுதி ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர், குழுவில் இருக்கிற ஐந்து பேரும் சேர்ந்து பொருள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அம்மா காலையிலேயே கலக்கி வைத்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள தானா இறுகும், தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். எட்டிப் பார்த்தேன், கொழகொழவென்று இருந்தது. கெட்டிப்பட அவள் கடைசியில் உப்புக் கரைத்து ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, தட்டு முன்னால் உட்கார்ந்ததும் தேடுவது உப்பு டப்பாவைத்தான். ஒரு கை அள்ளிப் போட்டுக் கலக்கினேன், கொஞ்சம் இறுகியது. இன்னும் ஒரு கை போட்டேன், நன்றாகவே இறுகியது. பரவாயில்லையே, நமக்கும் தொழில் பிடிபட்டுவிட்டதே என்று பாக்கெட்டையே கவிழ்த்தேன். மொத்த டிரம்மும் தண்ணீராக இளகிவிட்டது. அளவோடு போட்டால் கெட்டியாகுமாம், அளவு மீறினால் திரும்பவும் நீர்த்துப்போகுமாம். எந்தச் சமையலில் இப்படி உண்டு, நீயே சொல்.

அம்மா வந்து பார்த்தாள். கத்துவாள், வெளியே கிளம்பிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து "எனக்கு முடியலைங்க" என்றாள், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சற்று நேரத்தில் மற்ற நால்வரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் வந்து விழும், குழுக் கடன் என்றால் அதுதான், அவர்கள் கோபமும் நியாயம்தானே. கத்தரி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் தையல்காரி, "பயிற்சியில முதல் ஆளா வந்தேன்னு பீத்திக்கிட்டியே, இதுதானா லட்சணம்?" என்று கேட்டாள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். "அளவு தப்பிப்போச்சு, என் கைதான்" என்றாள் அம்மா. வெளியே வந்து நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது, இதை எழுதும்போதும் இருக்கிறது. பிறகு பயிற்சி டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டு, உப்பே போடாமல் இன்னொரு டிரம் கலக்கி இரண்டையும் சேர்த்து ஒருவழியாகச் சரிக்கட்டினார்கள். சரக்கு தாமதமாகத்தான் போனது, வார்டன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

நேற்று கடன் ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வழியெல்லாம் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது நாக்கு நுனியிலேயே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வீட்டுக்காரர் என்ன பண்றாரு?" என்று கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சும்மாதான் இருக்கார் என்றுதான் அச்சாபீஸை மூடியதிலிருந்து எல்லாரும் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன். அம்மா, "என்கூட வேலை செய்றாரு. சரக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது முழுக்க அவருதான், அவரு இல்லேன்னா எனக்கு ஓடாது" என்றாள். டிரம்மைக் கெடுத்தவனைப் பற்றி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு காகிதத்தை என் பக்கம் தள்ளியது. போட்டுவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கு போயிற்று, கோபித்துக்கொள்ளாதே. திரும்பும்போது கத்தரி வீட்டில் ஏறி உண்மையையும் சொல்லிவிட்டு வந்தேன், அவள் இன்றைக்குத் தெருவில் பார்த்து "என்ன சார், உப்பு போதுமா?" என்கிறாள். அலுப்பு தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, இன்று காலையும் கால் வீங்கித்தான் எழுந்தேன்.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்குத் தாத்தாவின் முத்தம். வேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது எப்போது நிறுத்தப் போகிறாய் என்று அம்மாவிடம் கேட்காதே. நீ அப்படிக் கேட்கிற நாளெல்லாம் அவள் போனை வைத்துவிட்டு டிரம் பக்கத்தில் போய் வெறுமனே நிற்கிறாள். இந்த வாரம் எத்தனை கேன் போச்சும்மா என்று கேள். அவளிடம் இதுவரை நம் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

என்றும் உன்,
அப்பா